தண்ணீர் நோட்டில் ஒரு தாள் குறைகிறது

அத்தியாயம் பன்னிரண்டு

போன வாரம் உங்களைச் சந்துச் சுவரில் ஒட்டிய நோட்டீசுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் போனேன். புத்தகத்தைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் படிப்பதால் ஒரு வாரம் தவறிப்போனவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு வீடுகள் கொண்ட சந்து. மதிலுக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு. அதற்கு இரண்டாவதாக ஒரு வழி இருந்தால்தான் மேல் மாடிகளில் ஆள் குடியேற அனுமதி கிடைக்கும். அந்த வழி இந்தச் சந்துதான் என்று யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து கோடு போட்டுவிட்டார்கள். பதினோரு குடும்பத்தாரும் மனமுவந்து சம்மதித்துவிட்டார்கள், அவர்களுக்கு ஊருக்கு வெளியே மாற்று வீடு தரப்படும், ஆட்சேபணை இருந்தால் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வார்டு ஆபீசில் எழுதித் தரலாம் என்றது நோட்டீஸ். கூடவே பதினோரு கையெழுத்துகளின் நகல்.

மனமுவந்து என்று எழுதியவரை ஒரே ஒரு வாரம் அந்த மாற்று வீட்டில் குடிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். ஏழு மணிக்கு மேல் அந்தப் பஸ்ஸும் கிடையாது. குழாய் உண்டு, அதற்குள் தண்ணீர் வந்ததாகத் தகவல் இல்லை.

சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதாகச் சந்தில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நகலில் இருந்தவை அவரவர் கையெழுத்துதான். ஆகவே ஐந்து நாளாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. பால் பாக்கெட் எடுக்க வந்த இடத்தில்கூட யாரும் நின்று பேசுவதில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் லாரித் தண்ணீர் வரும் நாள்.

லாரி சந்துக்குள் பின்பக்கமாகத்தான் வரும். உள்ளே திருப்ப இடமில்லை. அதனால் கடைசி வீடான பதினோராம் நம்பருக்கு முதல் டிரம், முதல் வீட்டுக்குக் கடைசி டிரம். நோட்டிலும் அதே வரிசையில் கையெழுத்து வாங்குவார்கள். பதினோரு கையெழுத்தும் இருந்தால்தான் டிரைவர் முழு லோடையும் இறக்குவார். ஒன்று குறைந்தால் ஒரு வீட்டுத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டு போய்விடுவார். அது எந்த ஓட்டல் வாசலில் இறங்குகிறது என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்காகச் சந்தில் ஒரு வழக்கம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை யார் வேலைக்குப் போயிருப்பார்களோ என்று எல்லாருமே செவ்வாய்க்கிழமை நோட்டைக் கையில் வாங்கும்போதே வெள்ளிக்கிழமைப் பக்கத்திலும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பக்கத்தின் மேல்பாதி தேதியும் லாரி நம்பரும் எழுதுவதற்காகக் காலியாக இருக்கும். லாரி வந்து போன பிறகு டெய்லரக்கா அதை நிரப்புவாள். கடன் பத்திரம் என்றால் பத்து தடவை படித்துப் பார்க்கிற ஜனங்கள்தான். தண்ணீருக்குப் போடுகிற கையெழுத்தில் படிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

டெய்லரக்கா ஐந்தாம் வீடு. முன்னறையில் தையல் மெஷின். சந்துக்கு ரவிக்கையும் யூனிஃபாரமும், மதிலுக்கு அந்தப் பக்கம் மாடி வீடுகளுக்கு ஜன்னல் திரையும் தைக்கிறாள். நாள் முழுக்க வீட்டில் இருப்பவள் என்பதால் நோட்டு அவள் பொறுப்பு. நோட்டே அவள் கைவேலைதான். இருபது நீளத் தாள்களை அடுக்கி, ஓரத்தில் துளைபோட்டு, ஜீன்ஸ் தைக்கிற தடித்த நீல நூலால் கோத்துக் கட்டியது, லாரி வரும் ஒரு நாளுக்கு ஒரு தாள். சந்தேகம் என்பது அவளுக்கு அளவு நாடா மாதிரி, எப்போதும் கழுத்திலேயே கிடக்கும். இந்த ஐந்து நாளில் டிரைவரிலிருந்து தபால்காரர் வரை எல்லாரையும் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டாள்.

லாரி போனதும் மூன்றாம் வீட்டு நர்ஸம்மா நோட்டோடு வந்து நின்றாள். இன்றைக்கு லீவு போட்டிருந்தாள். கையில் இருந்த போனில் நோட்டீஸின் படம்.

"டெய்லரக்கா, நோட்டீசுல முதல் கையெழுத்து யாருது?"

"முட்டைக்காரர்து."

"அவர் வீடு?"

"பதினொண்ணு. ஏன்?"

"வீடு வீடா வந்து வாங்கியிருந்தா ஒண்ணுலேர்ந்துதானே வாங்குவாங்க? பதினொண்ணுலேர்ந்து யாராவது ஆரம்பிப்பாங்களா?"

டெய்லரக்காவின் கையில் இருந்த கத்தரிக்கோல் துணியில் பாதியில் நின்றது. பதினொன்றிலிருந்து ஆரம்பிப்பது லாரி ஒன்றுதான்.

நர்ஸம்மா விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முட்டைக்காரர் பேங்க்கில் முழுப் பெயரையும் எழுதி அடியில் கோடு வேறு போடுவார். தண்ணீர் நோட்டில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. டிரம்மைப் பிடித்துக்கொண்டே போடுகிற கையெழுத்துக்கு அது போதும். நோட்டீஸ் நகலில் இருந்ததும் வட்டமும் புள்ளியும்தான்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை லாரி ரிப்பேர்னு வரவே இல்லையே, ஞாபகம் இருக்கா?" என்றாள் நர்ஸம்மா. "அன்னிக்கு முன்கூட்டியே போட்ட பக்கம் எங்க?"

டெய்லரக்கா நோட்டை வாங்கிப் புரட்டினாள். செவ்வாய் இருந்தது. அடுத்த பக்கத்தில் அதற்கடுத்த செவ்வாய். நடுவில் ஒன்றுமில்லை. லாரி வராத நாளுக்குப் பக்கம் எதற்கு என்று அவளும் அன்றைக்கு யோசிக்கவில்லை. இப்போது தாள்களை எண்ணினாள். பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். இருபதாவது தாள் வரவே இல்லை.

காலியாக இருந்த அதன் மேல்பாதியில்தான் யாரோ சம்மதம் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"நோட்டு எங்க இருக்கும்?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

"மெஷின் பக்கத்துல. ஆணியில."

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

நர்ஸம்மா வாசலில் கிடந்த புது பூட்ஸ் ஜோடியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை டெய்லரக்காவும் பார்த்துவிட்டாள்.

"வார்டு ஆபீசுல போன்ல கேட்டேன்," என்றாள் நர்ஸம்மா போகும்போது. "இது வேற எதுக்கோ போட்ட கையெழுத்துன்னா, தாளை எடுத்தது யாருன்னு நோட்டு வெச்சிருக்கறவங்க எழுதிக் குடுக்கணுமாம். பேர் இல்லாம குடுத்தா, போட்டுட்டு இப்ப மாத்திப் பேசறீங்கன்னுதான் எடுத்துப்பாங்களாம். நான் மனு எழுதி வைக்கறேன். சாயங்காலம் வர்றேன். பேரை மட்டும் நீங்க சொல்லுங்க."

பூட்ஸ் யாருடையது என்று சொல்ல வேண்டும். டெய்லரக்காவின் கொழுந்தனுடையது. சந்தில் அவனுக்கு நெட்டை என்று பெயர். புது ரோட்டுக்கு அளவெடுக்கிற கூட்டத்தில் அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்பது வேலை. கோலும் அவனும் ஏறக்குறைய ஒரே உயரம். அண்ணன் வீட்டில் வந்து தங்கி ஒரு மாதம் ஆகிறது. அப்போது பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தான், பிறகுதான் பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

அந்த ஒரு மாதத்தை டெய்லரக்கா மெஷினை மிதித்துக்கொண்டே மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். சந்தில் எத்தனை வீடு அண்ணி என்று ஒரு நாள் கேட்டானே, எதற்கு? குடியிருப்புக் கம்பெனியின் ஆள் ஒருத்தன், எந்நேரமும் பல்லைக் காட்டுவதால் சந்து அவனுக்குச் சிரிப்பு சார் என்று பெயர் வைத்திருந்தது. அந்தச் சிரிப்பு சாரின் ஸ்கூட்டரில் ஒரு நாள் இவன் வந்து இறங்கினானே, அது எதற்கு? போதாததற்கு இந்த பூட்ஸ். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துத் தைத்தபோது சட்டை அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

பகல் ஒரு மணிக்குச் சாப்பிட வந்தான் நெட்டை. தட்டு வைக்கவில்லை. நோட்டைத்தான் முன்னால் வைத்தாள்.

"இதுல ஒரு தாளைக் காணோம்."

"அப்படியா?"

"அப்படியாவா? அந்தத் தாள்தான் வெளிய சுவத்துல ஒட்டியிருக்கு. எவ்ளோ குடுத்தாங்க?"

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "என்ன அண்ணி பேசறீங்க?"

"பூட்ஸ் எப்படி வந்தது?"

"ரோடு போடற கம்பெனி குடுத்தது. கோல் பிடிக்கிற எல்லாருக்கும் குடுத்தாங்க. வந்து வேணா கேட்டுப் பாருங்க."

"சிரிப்பு சாரோட ஸ்கூட்டர்ல வந்தியே."

"அவர் அண்ணனப் பாக்கணும்னாரு. வீடு தெரியாதுன்னாரு. வழி காட்டுனேன்."

"நல்லா காட்டுன வழி," என்றாள். குரல் உயர்ந்துவிட்டது. வெளியே முட்டைக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, செயின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் குனிந்து நின்றார். "பதினோரு வீட்டைத் தூக்கிக் குடுத்துட்டு இங்கயே வந்து சாப்பாட்டுக்கு உக்காருறே. கூச்சமா இல்ல உனக்கு? நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவாங்க அங்கேர்ந்து? நான் யாருக்குத் தைப்பேன்? இந்த வீட்டுல சுவரு பூசறதுக்கே எங்களுக்கு ஆறு வருஷம் ஆச்சு."

நெட்டை நோட்டை எடுத்தான். முதுகுப் பக்கம் திருப்பி, நூலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"அண்ணி, நான் எடுத்திருந்தா கிழிச்சிருப்பேன். நூலை அவுத்து, தாளை உருவி, மறுபடி கோத்துக் கட்டற பொறுமை எனக்கு எங்க இருக்கு? ஷூ லேஸே ஒழுங்காக் கட்ட மாட்டேன்னு நீங்கதானே திட்டுவீங்க."

"பேச்சு நல்லா பேசற. மொதல்ல கிளம்பு."

அவன் கொடியில் கிடந்த இரண்டு சட்டைகளைச் சுருட்டிப் பைக்குள் திணித்தான். சாப்பிடாமலே போனான். வாசலில் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சந்து முனைவரை நடந்தது முட்டைக்காரருக்குக்கூடப் பொறுக்கவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

டெய்லரக்கா மறுபடி மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கோபம் தீர்ந்தால் ஆறுதல் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அவன் சொன்ன அந்த நூல் விஷயம் ஊசி மாதிரி எங்கேயோ குத்திக்கொண்டே இருந்தது.

மூன்று மணிக்குத் திரைத்துணிகளை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு மதிலைச் சுற்றிக்கொண்டு போனாள். பதினாலாம் மாடிக்குப் போக வேண்டிய திரை. மதிலில் ஒரு கதவு இருந்தால் இரண்டு நிமிட நடை. கதவு இல்லாததால் இருபது நிமிடம்.

குடியிருப்பின் வாசலில் செயற்கை நீரூற்று. யாரும் பார்க்காத நேரத்திலும் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. எத்தனை டிரம் இருக்கும் என்று அவள் எப்போதும் மனதுக்குள் கணக்குப் போடுவாள். இன்றைக்கு அதற்கும் மனமில்லை.

லிஃப்ட் ஓடவில்லை. மூடிய கதவின் குறுக்கே ஒரு மஞ்சள் அட்டை தொங்கியது. 'வேலை நடக்கிறது. இயக்க வேண்டாம்.' கீழே அவள் வீட்டுக்காரரின் கையெழுத்து. அவர்தான் இந்தக் குடியிருப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். சந்தில் அவரை லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். மேலே எங்கேயோ மெஷின் அறையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு அட்டையைச் சும்மாதான் பார்த்தாள்.

அட்டையைக் கட்டியிருந்தது நீல நூல். ஜீன்ஸ் தைக்கிற நூல். அவள் மெஷின் பெட்டியிலிருந்து அடிக்கடி உருவிக்கொண்டு போவார், அது புதிதல்ல. அவள் பார்த்தது முடிச்சை. இரண்டு சுற்று சுற்றி, நுனியை அந்தச் சுற்றுக்குள்ளேயே செருகி இழுத்திருந்தது. வெளியே வால் தெரியவில்லை.

டெய்லரக்கா முடிச்சுப் போட்டால் நுனியைப் பல்லால் கடித்துத் துண்டிப்பாள். ஒரு விரல்கடை அளவுக்கு வால் நிற்கும். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்துவிட்டு அவர் சொல்லியிருக்கிறார். எங்க வேலைல வாலே தொங்கக்கூடாதும்மா, ஓடற ரோப்புல மாட்டுனா ஆளையே இழுத்துடும். அன்றும் இன்றும் செருப்பு வாராக இருந்தாலும், சாப்பாட்டு மூட்டையாக இருந்தாலும் அவர் கட்டுவது இந்த முடிச்சுதான். சந்தில் வேறு யாரும் இப்படிக் கட்டிப் பார்த்ததில்லை.

திரையை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது. நெட்டையின் வெறுங்கால் கண்ணுக்குள்ளேயே நின்றது. இங்கெல்லாம் உக்காரக் கூடாதுங்க என்றார் செக்யூரிட்டி. எழுந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஆணியிலிருந்து நோட்டை எடுத்து முதுகைத் திருப்பினாள். அவள் பல்லால் கடித்து விட்ட வால் அங்கே இல்லை. இரண்டு சுற்று, உள்ளே செருகிய நுனி. ஆனாலும் ஒரு மனது சொல்லியது, இது வேறு யாராவது பார்த்துப் பழகியதாக இருக்கலாம். சந்தேகப்படுவதற்கே பிறந்தவள் முதல் தடவையாகத் தன் சந்தேகம் பொய்யாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஊசி முனையால் முடிச்சை நெம்பி அவிழ்த்து, நூலை உருவி, தாள்களைக் குவித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். அரை மக் தண்ணீரில் கை கிரீஸைக் கழுவினார். தம்பி எங்கே என்று கேட்கவில்லை. அவள் அதையும் கவனித்தாள்.

"நோட்டு அவுந்துபோச்சு," என்றாள். "கட்டிக் குடுங்க."

"நீ கட்டக்கூடாதா?"

"கையில ஊசி குத்திடுச்சு."

அவர் உட்கார்ந்தார். தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். துளைகளில் நூலைக் கோத்தார். வேலை தெரிந்த கை. மனிதர் எதையோ நினைத்துக்கொண்டிருந்தாலும் கை அதன்பாட்டில் போகும். இரண்டு சுற்று சுற்றியது. நுனியை உள்ளே செருகியது. இழுத்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் பார்ப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். கை முடிச்சின் மேலேயே நின்றுவிட்டது.

"பைப் போடறதுக்கு மனு குடுக்கணும்னாரு," என்றார், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே. "சந்துக்குள்ள நேரா லைன் இழுத்துத் தர்றோம், பதினோரு பேர் கையெழுத்து வேணும்னாரு சிரிப்பு சார்."

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."

"நீ ஆயிரம் கேள்வி கேப்பே."

"கேட்டிருக்கணும்ல?"

அவர் முடிச்சைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.

"பைப்புக்குன்னா எதுக்குங்க யாருக்கும் தெரியாம நூலை அவுத்து, மறுபடி கட்டி, ஒண்ணும் நடக்காத மாதிரி மாட்டி வெச்சீங்க?"

ஜன்னலுக்கு வெளியே, மதிலுக்கு மேலே தெரிந்த மாடிகளைப் பார்த்தார். அங்கே விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. அந்த மாடிகளில் இவருக்கு என்ன காட்டி ஏமாற்றினார்கள், அல்லது ஏமாற்றவே இல்லையா, அவளுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவரின் முகத்தில் படிக்க முடியாத ஒன்று இருந்தது.

"தம்பியை மத்தியானம் விரட்டி விட்டேன். சாப்பிடாம போனான்."

"முட்டைக்காரர் போன் பண்ணாரு."

"அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

"ம்."

"என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

"பாத்துக்கலாம்னேன்."

டெய்லரக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. தாளை எடுத்ததைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. இந்த 'பாத்துக்கலா'மை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

கதவு தட்டும் சத்தம். நர்ஸம்மா. கையில் மனு, இரண்டு பக்கம், சுத்தமான கையெழுத்து. நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் கோடு போட்டுக் காலியாக விட்டிருந்தாள்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு டெய்லரக்கா. முட்டைக்காரர் இன்னிக்கு முழுப் பேரும் எழுதியிருக்காரு, பாருங்க." வாசலில் பூட்ஸ் இல்லாததைக் கவனித்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "மத்தியானம் நடந்ததைக் கேள்விப்பட்டேன். உங்களுக்குக் கஷ்டம்தான். நெட்டை பேரைப் போட்டுடலாமா? நீங்க சரின்னு சொன்னா நாளைக்கு முதல் ஆளா போய்க் குடுத்துடறேன்."

லிஃப்ட்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்று ஒரு வார்த்தை போதும். சந்து பிழைத்துவிடும், வீடு பிழைத்துவிடும், இவர் வேலையும் பிழைத்துவிடும். நெட்டை ஒருத்தன்தான் போவான். அவனோ ஏற்கெனவே போய்விட்டான்.

"அவன் இல்ல நர்ஸம்மா," என்றாள் டெய்லரக்கா.

"பின்ன யாரு?"

டெய்லரக்கா முக்காலியில் கிடந்த துணித் துண்டுகளைத் தள்ளிவிட்டு, அதை நர்ஸம்மாவுக்கு நகர்த்திப் போட்டாள். மனுவை வாங்கினாள். மெஷின் பெட்டியிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டையும் வீட்டுக்காரர் மடியில் இருந்த நோட்டின் மேல் வைத்தாள்.

"பேரை நீங்களே எழுதுங்க," என்றாள். "இந்தத் தடவை மேல என்ன இருக்குன்னு நல்லாப் படிச்சுட்டு எழுதுங்க."